தேசிக்காய்ப் புளியும் தேர் வெயிலும்

மூன்று கோடைக்கு முன்னர் நடந்தது. ஜெர்மனியில் உள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு ஹனோவரிலிருந்து நானும் அம்மாவும் போவதாக இருந்தோம்.

அம்மாவின் இரண்டு கன்னத்திலும் வயதோடு வரும் கபில நிறப் புள்ளிகள். வேலையிடத்தில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. எங்கள் ஆட்கள்தான் கண்டவுடன், "என்ன அக்கா, முகமெல்லாம் கறுத்துப்போச்சு, சுகமில்லையோ?" என்பார்கள். தேரில் இதையே நூறு பேர் கேட்பார்களே என்று அம்மா தயங்கினார். தோல் வைத்தியரைப் பார்க்க டெர்மின், அதுதான் முன்பதிவு, கேட்டால் நாலு மாதம் கழித்துத்தான் என்றார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். கடிதம் வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அம்மா என்னைத்தான் கேட்பார். இணையத்தில் எலுமிச்சைச் சாறு பற்றி இரண்டு காணொளி பார்த்துவிட்டு, "தேசிக்காயைப் பிழிஞ்சு பூசுங்கோ அம்மா, இயற்கைதானே, ஒண்டும் செய்யாது" என்றேன். அன்றிரவே பூசத் தொடங்கினார்.

தேரன்று விடியவும் பூசினார். கார் வந்துவிட்ட அவசரத்தில் ஈரத்துணியால் ஒருதரம் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். நேர்த்தி வைத்திருந்ததால், தேருக்குப் பின்னால் கற்பூரச்சட்டி ஏந்திக் கொதிக்கும் வெயிலில் நடந்தார். "முகம் எரியுது தம்பி" என்று இரண்டு தரம் சொன்னார். "அது சட்டியின்ர சூடாக்கும்" என்று நான்தான் சொல்லி நடக்கவைத்தேன்.

இரண்டாம் நாள் கன்னமெல்லாம் கொப்புளம். வலது கண் வீங்கி, திறக்கவே ஏலாமல் இருந்தது. வைத்தியசாலைக்கு ஓடினோம்.

வைத்தியர் ஒரு பெண். என்ன பூசினீர்கள், யார் சொல்லிப் பூசினீர்கள் என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். நான் தமிழில் அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னைப் பார்க்காமலே, "தேசிக்காய்ப் புளி எண்டு சொல்லு. நானாத்தான் பூசினனான், பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது எண்டும் சொல்லு" என்றார்.

பத்து வயதிலிருந்து அம்மாவுக்கு மொழிபெயர்க்கிறேன். அன்றுதான் முதன்முதலாக அவர் சொன்னதை மாற்றினேன். "நான்தான் பூசச் சொன்னேன்" என்று வைத்தியரிடம் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. தேசிக்காய்ப் புளி பட்ட தோலில் வெயில் பட்டால் இப்படித்தான் வெந்துபோகும், எங்கள் நிறத்துக்குத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும் என்றார். பழைய புள்ளிகள் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லாதவை, ஆனால் அதையும் தோல் வைத்தியர் கருவி வைத்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டும், மங்கச் செய்யக் களிம்பும் லேசரும் உண்டு, எல்லாவற்றுக்கும் முதல் வெயிலுக்குப் பூசும் கிரீம் வேண்டும் என்றார். ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: "கண் தெரியுமோ எண்டு கேள்."

கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார் வைத்தியர். பக்கத்துக் கதிரையில் இருந்து அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

வெளியே வந்ததும் அம்மாவுக்குக் கோபம். "ஏன்டா சொன்னனீ? அந்த மனிசி உன்னைப் படிச்ச பிள்ளை எண்டெல்லோ நினைச்சது!"

அந்தத் தழும்பு மங்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. இப்போது வீட்டில் யாராவது நோய் வருத்தம் என்று என்னிடம் கேட்டால், "எனக்குத் தெரியாது, வைத்தியரைக் கேட்பம்" என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும் ஒவ்வொரு முறையும், முகம் வெந்த வலியிலும் என் பெயரைக் காக்கப் பார்த்த அம்மாவை நினைத்துத் தலை குனிகிறேன்.