வாய்க்காலை அடைத்தவரின் பக்கம்

ஆவணி பத்து, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தேகால் மணி. மதகடியில் ஊரார் கூடியிருந்தார்கள். தலைமடை வயல்களுக்கான தண்ணீர் முறை முந்தைய நாளே முடிந்து, கடைமடையிலுள்ள எங்கள் முறை தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. தலைமடைக்காரர் ஒருவர் வாய்க்காலின் குறுக்கே சேறும் வைக்கோலும் போட்டு அடைத்திருந்தார். ஏற்கெனவே வெடிப்பு விட்டிருந்த எங்கள் சம்பா நாற்றங்கால் இன்னொரு வெயிலைத் தாங்காது. அவர் அன்று விடியற்காலையில் அடைத்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அப்பா வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார்.

“நீதானே கதையெல்லாம் படிக்கிறவ. நடந்தத நீயே சொல்லிடு,” என்றார் அம்மா.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே, கதை எழுதும் வகுப்பில் கற்ற வரிசைப்படி இடத்திலும் பொழுதிலும் தொடங்கினேன்.

“விடியக்காலையில மேகம் மூடியிருந்துச்சு. கரையில ஆள் நடமாட்டமே இல்ல...”

“பாப்பா, ரேடியோ நாடகமா போடுற? விஷயத்துக்கு வா,” என்றார் தண்ணீர் முறையைக் கவனிப்பவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“மாமா மண்வெட்டியோட வந்தாங்க. அடைச்சாங்க,” என்று எதிரே நின்ற தலைமடைக்காரரைக் காட்டினேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காரணமின்றிச் செயல்படும் மாந்தர் வெறும் பொம்மைகள் என்று படித்தவள் நான். பார்த்ததில் பாதியை மட்டும் சொல்வது பொய்யாகவும் பட்டது.

“அவங்க மோட்டார் எரிஞ்சுபோச்சு. முறைத் தண்ணி மேட்டு மூலைக்கு ஏறல. அங்க நாத்து மஞ்சளா சாஞ்சு கெடந்துச்சு. அடைச்சுட்டு ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க.”

அவர் தலை கவிழ்ந்தார்.

“மோட்டார் போச்சுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாய்யா?” என்று அவரைக் கேட்ட முறைக்காரர், அம்மாவின் பக்கம் திரும்பினார். “நாளைக்கு ஒரு நாள் விட்டுக்குடுத்துருங்கம்மா. நாளன்னைக்குக் காலையில அடைப்ப எடுத்துருவாரு.”

வீட்டுக்குத் திரும்புகையில் அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். “அந்தாளு வக்கீல் வச்சிருந்தாக்கூட அவனும் இப்படிப் பேசியிருக்க மாட்டான். நம்ம நாத்தப் பத்தி ஒரு வார்த்த வந்துச்சாடி உன் வாயில?”

வரவில்லை. வெடித்த மண்ணும், இது கருகினால் மறுபடி விதைவிடப் பருவம் இருக்காது என்பதும் எனக்கு அவ்வளவு பழகியிருந்தன. கேட்பவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். எதிராளியின் தேவையை விரித்துரைத்த நான், கதைக்கு உரியவளின் தேவையைச் சொல்லவேயில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதும் மனம் அந்தப் பேச்சையே மாற்றி மாற்றி அடுக்கியது. நாற்றங்காலிலிருந்து தொடங்கியிருந்தால்? அம்மாவின் கண்வழியே சொல்லியிருந்தால்? எழுந்து கொல்லைக்குப் போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். எப்படி அடுக்கினாலும் அந்த மஞ்சள் நாற்றை நீக்க மனம் ஒப்பவில்லை.

மறுநாள் காலை, இரண்டு பிளாஸ்டிக் குடங்களுடன் குளத்துக்கும் நாற்றங்காலுக்குமாக நடக்கத் தொடங்கினேன். முதல் குடத்தைக் கவிழ்த்ததும் வெடிப்பே தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டது, நாற்று நனையவேயில்லை.

“அப்படிக் கொட்டாத. கையால தெளி,” என்றார் பின்னால் வந்து நின்ற அம்மா.

குனிந்து தெளித்தேன்.