அடுத்தவன் பந்து

ஜீவனஹள்ளி ஞானசேகரன் பதினோரு நாடுகளில் லெக் ஸ்பின் போட்டவன். சத்தியமாகத்தான் சொல்கிறேன், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த இடமில்லை. ஆனால் எந்த ஸ்கோர்கார்டைத் துருவினாலும் அவன் பெயர் இருக்காது. அவன் பந்து போட்டதெல்லாம் மேட்சுக்கு முந்தின நாள், பயிற்சி வலைக்குள்.

பிழைப்பு அப்படி. நாளைக்கு எதிரணியில் எந்த லெக் ஸ்பின்னர் மிரட்டப் போகிறாரோ, இன்றைக்கு ஞானசேகரன் அந்த ஆளாகவே மாறி வலையில் போட வேண்டும். மூன்று தடவை வீடியோ பார்த்தால் போதும். ஓட்டம், மணிக்கட்டு, விரலை நக்கும் பழக்கம்கூட அப்படியே இறங்கிவிடும். பொம்மசந்திரா கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டு அணிகளோடு டர்பன், ஹராரே, கொழும்பு என்று பதினாலு வருஷம் சுற்றினான். கில்லாடிதான், அதில் சந்தேகமே வேண்டாம்.

முப்பத்தாறு வயதில் உள்ளூர் லீக் அணி ஒன்று அவனைத் தேர்வுக்குக் கூப்பிட்டது. ஒரே ஒரு மேட்ச் கிடைத்தாலும் ஸ்கோர்கார்டில் பெயர் வந்துவிடும். மனைவி யசோதா சிவாஜிநகர் போய்ப் புது பேண்ட் வாங்கி வந்தாள்.

தேர்வாளர் கோவிந்தராஜன் இரண்டு ஓவர் பார்த்தார்.

"சக்கத்தா, சூப்பரா போடுறீங்க குரு. முதல் ஓவர் அந்த ஆஸ்திரேலியாக்காரன், அடுத்தது பாகிஸ்தான்காரன். அதெல்லாம் எங்க பசங்க வீடியோல கரைச்சுக் குடிச்சிட்டாங்க. உங்க பாலைப் போடுங்க."

ஞானசேகரன் பின்னால் போய் நின்றான். எத்தனை அடி ஓட வேண்டும்? இருபது வயதில் ஜீவனஹள்ளி மைதானத்தில் எப்படி ஓடினோம் என்று யோசித்தான். ஊஹூம். எங்கிருந்தோ ஓடி எப்படியோ விட்டான். பந்து திரும்பவே இல்லை, பேட்ஸ்மேன் வேலிக்கு வெளியே தூக்கி அடித்தான். மற்ற ஐந்தும் அதே கதிதான்.

"பரவால்ல, சொல்லி அனுப்புறோம்," என்றார் கோவிந்தராஜன். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர் உண்டா? ஞானசேகரனுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மரத்துப் போயிருந்தான், அவ்வளவுதான்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டு யசோதாதான் அழுதாள். கல்யாணத்துக்கு முன்னால் மைதானத்து ஓரக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் சாக்கில் தினமும் அவனைப் பார்த்தவள்.

"அய்யோ, என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே! ஆறு ஸ்டெப்பு. அஞ்சாவதுல சின்னதா ஒரு குதி குதிப்ப. நாக்கைக் கடிச்சுக்குவ."

"செஞ்சு காட்டு," என்றான்.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படியிலிருந்து வாசல்வரை ஓடிக் காட்டினாள். "இன்னொரு வாட்டி," என்றான் கண் எடுக்காமல். மூன்றாவது தடவையில் அவனுக்கு இறங்கிவிட்டது. எழுந்து ஓடினான். ஆறு ஸ்டெப், சின்னக் குதி, பல்லிடுக்கில் நாக்கு.

"இதேதான்! இதேதான்யா நீ!" யசோதா கைதட்டினாள்.

அவனுக்கு அதுவும் வேறு யாரோ ஒருத்தனைப் போல் போட்டுக் காட்டியதாகத்தான் இருந்தது.