சிறுபீளை தேடிப் போனது

இதை எழுதலாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். அம்மனைக் குறை சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம்தான்.

என் மனைவி மலேசியாவில் ரந்தாவ் என்ற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில், செம்பனை மரங்களுக்கு நடுவே களைகளுக்கு மருந்து அடிக்கிற வேலை செய்தாள். பிறகு சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், ரத்தம் சுத்தம் செய்ய சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நிலைமை வந்தது. சிறுபீளையைக் கஷாயம் வைத்துக் கொடுங்கள் என்று அம்மன் கோயிலில் ஒருவர் சொன்னார். பொங்கலுக்குக் காப்புக் கட்டுவோமே, அந்த வெள்ளைப் பூச்செடிதான். எஸ்டேட் முழுக்கத் தேடினேன். ஓரிடத்தில் இருந்தது, கருகிப்போய்.

வீட்டில் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். "மருந்து தேடிப் போனவரு, மருந்து அடிச்ச எடத்துல போய் நின்னீங்களா? அந்தப் பீளைய நானே எத்தன தடவ அடிச்சுக் கொன்னுருப்பேன். இப்ப அது எனக்கு ஒதவுமா லா?"

தம்பின் ஊர்ச் சந்தையில் ஒரு காய்ந்த கட்டு கிடைத்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த மிஸ்ஸி, "அங்கிள், இதக் குடுத்தா இன்னும் மோசமாயிரும்" என்று தடுத்துவிட்டார். அதை அம்மன் படத்தடியில் வைத்து அழுதேன். தை பிறப்பதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

அம்மன் காட்டிய அந்தச் செடியால்தான் அவள் கொஞ்ச காலம் தேறியிருந்தாள் என்று கோயிலில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். போன வாரம் அதே நோயுள்ள ஒருவர், செடி எங்கே கிடைக்கும் என்று என்னிடமே கேட்டு வந்தார். அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, தேறவும் இல்லை. யாரிடமாவது சொன்னால், எதையும் சேர்க்காமல் இப்படியே சொல்லுங்கள்.