மிசின் வாள்காரர் கேட்ட கேள்வி

என் பிள்ளைகளே, நீங்கள் பிறக்குமுன் எங்கள் குடிசையோரம் பட்டுப்போன பாலை மரம் ஒன்று நின்றது. மாரிக்காற்றில் முறிந்தால் எங்கள்மேல்தான் விழும். உங்கள் அம்மாவைச் செட்டிகுளத்தில் தாய்வீட்டில் விட்டுவிட்டு, குடியேற்றத்திட்டத்துக்குக் காடு வெட்டிய ஒருவரை அழைத்துவந்தேன். மெலிந்த மனிதர், புருவமெல்லாம் மரத்தூள்.

பெற்றோலில் ஓடும் அவருடைய மிசின் வாள் இயங்க மறுத்தது. முற்றத்தில் குந்தியிருந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்.

“காய்ஞ்சு கிடக்கு தம்பி. பெற்றோல் ஏறேல்லை.”

பெற்றோல் தாங்கிக்குள் இருந்த வடிகட்டியில் தூள் அடைத்திருந்தது. அதைக் கழுவிப் பூட்டினார். மிசினை இயக்கும் கயிற்றை இழுக்குமுன், “பிள்ளையள் உள்ளுக்கோ?” என்று உரத்துக் கேட்டார்.

“எங்களுக்கு இன்னும் பிள்ளையே இல்லை அண்ணை. ஆரின்ர பிள்ளையைத் தேடுறியள்?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “ஒருக்கா மிசின் இயங்கத் தொடங்கின சந்தோசத்தில கேக்காமல் வெட்டிப்போட்டன். மரம் விழுந்தாப்பிறகுதான் என்ர மகனைத் தேடினனான்.”

கயிற்றைப் பிடித்தபடியே என் மறுமொழிக்காகக் காத்திருந்தார்.

“ஒருத்தரும் இல்லை அண்ணை. இழுங்கோ.”

மரம் மறுபக்கம் விழுந்தது. குடிசை தப்பியது. தேநீர்கூடக் குடியாமல் அவர் போய்விட்டார். மகனுக்கு அப்படி நேர்ந்த பிறகும் அந்த வாளை எப்படித்தான் தூக்கினாரோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அவர் போனதும், விழுந்த மரத்தின் கொப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பார்த்தேன்.