லேனர்ஸ் ஜவுபரின் ரேஸ்

வீட்டில் கதிரையில் உட்கார்ந்திருக்கும்போதும் ஜவுபரின் வலது கால் பிரேக் மிதிக்கும். கூரையில் பூனை குதித்தால் மிதிக்கும். மனைவி ஸுஹைறா தேத்தண்ணிக் கோப்பையோடு கொஞ்சம் விசுக்கென்று வந்தாலும் மிதிக்கும். இருபத்திரண்டு வருசமாக லேனர்ஸ் காரின் இடப்பக்கத்தில் இருந்துகொண்டு கல்முனைப் பெண்களில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டப் பழக்கியவர் அவர். அந்தக் காரில் அவருடைய காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. பழகுகிறவர் மறந்தாலும் அவர் மறப்பதில்லை.

முப்பதைத் தாண்ட விடமாட்டார். அக்கரைப்பற்று றோட்டில் மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர் அவர்களை முந்திப் போய், திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். "போகட்டும் புள்ள, அவருக்கு அவசரம்" என்பார் ஜவுபர். இந்த மனுசனுக்குத்தான், மணிக்கு முந்நூறு கிலோமீற்றரில் பறக்கிற ஃபோர்மியுலா வன் ரேஸ் காரில் பைத்தியம். இதை எங்கே போய்ச் சொல்வது?

பைத்தியம் என்றால் சும்மா பார்த்துவிட்டு எழும்பிப்போகிற பைத்தியமில்லை. சட்டம் படிக்கிற பைத்தியம். வருகிற மார்ச்சில் தொடங்கும் போட்டிக்குச் சட்டமெல்லாம் தலைகீழாக மாறுகிறதாம். அது தெரிந்த நாளிலிருந்து வீட்டில் வேறு கதை கிடையாது. காரின் நிறை முப்பது கிலோ குறைகிறது. அகலம் பத்து சென்றிமீற்றர் ஒடுங்குகிறது. புதிதாக ஒரு அணி வருகிறது, ஆக மொத்தம் பதினொன்று. சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார், தொழுகைக்கு உளூச் செய்யப் போகிற வழியில் நின்று சொல்வார். தாதியாக வேலை செய்யும் றஸ்னா அவரிடம் கார் பழகுகிறாள். பாவம், அவளுக்கு வளைவில் எந்தக் கியர் போடுவதென்றே இன்னும் பிடிபடவில்லை. "பிரேக் மிதிச்சா பேட்டறி ஏறும் புள்ள, இனி அதுதான் முக்கியம்" என்கிறார் அவளிடம். அவள் உடனே மிதித்துவிட்டாள். பின்னால் வந்த பஸ்காரன் என்ன ஏசினான் என்பதை எழுத முடியாது.

ஸுஹைறாவுக்கு ஆத்திரம் வருவதில் நியாயம் உண்டு. முந்திய சட்டத்தை அவளும் பாடமாக்கி வைத்திருந்தாள். விரும்பியா? காதில் விழுந்து விழுந்து ஏறியது. முன்னால் போகிறவனுக்கு ஒரு செக்கன் கிட்ட வந்தால் பின்செட்டையை, அதாவது காரின் பின்பக்கச் சிறகை, திறக்கலாம், திறந்தால் வேகம் கூடும், முந்தலாம். இவ்வளவும் அவள் தலையில் ஏற வருசக்கணக்காகியிருக்கிறது. ஒருநாள் ஜவுபர் வந்து, "அது இனி இல்ல. எல்லாருக்கும் முன்செட்டையும் பின்செட்டையும் திறக்கும்" என்றார்.

"மறுகா எப்பிடி முந்துற?" என்று கேட்டுவிட்டாள் ஸுஹைறா. வாய் தவறிய கேள்வி. பதில் முடிய ஒரு மணித்தியாலம் போயிற்று. கிட்ட வந்தவனுக்கு மட்டும் பேட்டறியிலிருந்து மேலதிகமாகக் கரண்ட்டுக் கிடைக்குமாம். அடுப்பில் ஆணம் அடிப்பிடித்தது.

இதெல்லாம் வீட்டுக்குள் கிடந்திருந்தால் பரவாயில்லை. மகள் அம்ஹாவுக்கு மருதமுனையிலிருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்திருந்தது. படித்த மாப்பிள்ளை, தொழுகையுள்ள பிள்ளை. அம்ஹாவுக்கும் பிடித்திருந்தது. படத்தைப் போனில் எத்தனை தரம் திறந்து பார்த்தாள் என்று உம்மாவுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவது. ஆகவே அவர்கள் பெண்ணை விசாரிப்பதற்கு முன் பெண்ணின் வாப்பாவைத்தான் விசாரிப்பார்கள். மாப்பிள்ளையின் மாமா றிம்சான் கல்முனைக்கு வந்து, தேத்தண்ணிக் கடையில் சத்தமில்லாமல் விசாரித்திருக்கிறார்.

"ஜவுபர் காக்காவா? தங்கமான மனுசன். ரேஸ்தான் பைத்தியம். மத்தப்படி ஒரு குறையுமில்ல" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

கடைக்காரர் கெடுக்க நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டில் ரேஸ் என்றால் குதிரை. குதிரை என்றால் பந்தயம் பிடிக்கிற புக்கிக் கடை, அங்கே காசு கட்டிக் கெட்டழிந்தவர்களின் கதை. மூன்றாம் நாள் றஸ்னா ஓடி வந்தாள். அவளுடைய ஊரும் மருதமுனைதான். "மாமி, அவங்க பின்வாங்கப் போறாங்களாம். ரேஸ் விளையாடுறவர்ர வீட்ட எண்ட மகன விட ஏலா எண்டு சல்மா உம்மா சொல்றாங்களாம்." சல்மா உம்மா, மாப்பிள்ளையின் தாய். அம்ஹா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"சூதாடுறவன் எண்டு பேர் வாங்கித் தந்திட்டீங்க!" என்று ஸுஹைறா குமுறினாள். ஜவுபர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அஸ்தஃபிருல்லாஹ்! நான் லொத்தர் டிக்கட் கூட எடுத்ததில்லையே கா!"

"அத எனக்குச் சொல்லி என்ன செய்ற?"

ஆளனுப்பிக் கெஞ்சி, ஒருதரம் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவைச் சொல்லுங்கள் என்று அவர்களைச் சம்மதிக்க வைத்தது ஸுஹைறாதான். வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொன்னார்கள். ஜவுபரின் சட்டக் கொப்பிகளை அலுமாரியில் போட்டுப் பூட்டினாள். கார்ப் படங்களைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பிறகு அவரைப் பிடித்து இருத்தினாள்.

"ரேஸ் எண்ட சொல்லு இண்டைக்கு ஒங்கட வாயில வரப்படா."

"கிறான்ட் பிறி எண்டு சொல்லலாமா?"

"ஒண்டும் சொல்லப்படா!"

சல்மா உம்மாவும் றிம்சானும் வந்தார்கள். ஸுஹைறா இனிப்புக்கு வட்டிலப்பம் வைத்தாள். யாரும் கரண்டியைத் தொடவில்லை. றிம்சான் தொண்டையைச் செருமினார். "காக்கா, குறை நினைக்காதீங்க. நீங்க ரேஸ் எண்டு ஊருல ஒரு கதை."

ஜவுபர் மனைவியைப் பார்த்தார். "அந்தச் சொல்ல இண்டைக்குச் சொல்லப்படா எண்டு வீட்டுல சொல்லிரிக்கி" என்றார். ஸுஹைறாவுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது.

"காசு போடுறீங்களா, இல்லையா?" சல்மா உம்மா நேராகவே கேட்டார்.

"காசா? அல்லாஹ்வே! ஆரு வெல்லுவான் எண்டு இந்த வருசம் ஒருத்தனுக்கும் சொல்ல ஏலா. எல்லாம் பாதிக்குப் பாதி."

"பாதிக்குப் பாதியா?" சல்மா உம்மாவின் முகம் கறுத்தது.

"ஓம். பாதி பெற்றோல், பாதி கரண்ட்டு."

றிம்சான் நெற்றியைச் சுருக்கினார். "குதிரைக்கு என்னத்துக்குக் கரண்ட்டு?"

"எந்தக் குதிரை?" என்றார் ஜவுபர்.

அதற்கு மேல் ஸுஹைறாவால் அடக்க முடியவில்லை. "கார் ராத்தா, கார்! டீவியில ஓடுற கார்! இவரு ஒரு சதம் போட்டதில்ல, எண்ட உசிரத்தான் வாங்குறாரு. பாக்குறாரு, கத்துறாரு, பொறகு எல்லாருக்கும் சட்டம் சொல்றாரு. நோன்பு பிடிச்சிக்கிட்டும் சட்டம் சொல்றாரு. இத விட அந்தக் குதிரை எவ்வளவோ மேல், அது கதைக்காது!"

சல்மா உம்மாதான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்து முக்காட்டு ஓரத்தால் கண்ணைத் துடைத்தார். "எங்கட அவருக்குக் கிரிக்கட்டு, புள்ள. மழை வந்து ஆட்டம் நிண்டாலும் எழும்பமாட்டாரு" என்று சொல்லிவிட்டு வட்டிலப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார். அறைக் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது.

"அப்ப ஹஜ்ஜுப் பெருநாள் முடிய ஒரு நாளப் பாப்பம்" என்று எழும்பிய றிம்சான், கதவுக்குப் பின்னால் தொங்கிய கலண்டரைக் கழற்றி ஜூன் மாதத்தைத் திருப்பினார். ஸுஹைறா அதைப் பறிக்கப்போய்ப் பாதியில் நின்றாள். கொப்பியைப் பூட்டினாள், படத்தை ஒளித்தாள், இதை மறந்துவிட்டாள். ஏழு, பதினான்கு, இருபத்தெட்டு. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"இஞ்ச பாருங்க, வாப்பாவே மூணு நாள் குறிச்சு வச்சிரிக்காரு!" என்றார் றிம்சான்.

"புள்ளையப் பெத்தவருக்குத்தான் அந்த அக்கறை வரும்" என்றார் சல்மா உம்மா மனமுருகி. "முதலாவது நாளே எடுப்பம். ஏழாந்திகதி, மஃரிபு தொழுதிட்டு நிக்காஹ்."

ஏழாம் திகதி மொனாக்கோ ரேஸ். கல்முனைக் கடைத்தெரு போல ஒடுங்கிய தெருவில், யாராலும் யாரையும் முந்த முடியாத ஓட்டம். கார் ஒடுங்கிவிட்டதால் இந்த வருசம்தான் அங்கே முந்துவார்கள் என்று மூன்று மாதமாக ஜவுபர் சொல்லிக்கொண்டு திரிகிறார். அது தொடங்குவதும் நம் நேரத்துக்குச் சரியாகப் பொழுது சாயும் மஃரிபு வேளையில்தான். இதெல்லாம் ஸுஹைறாவுக்கும் தெரியும், தெரிந்து தொலைத்திருக்கிறது. இந்த மனுசன் இப்போது வாயைத் திறந்தால் எல்லாம் போயிற்று என்று அவர் முகத்தையே பார்த்தாள்.

ஜவுபர் எழும்பிப்போய், பார்ப்பதற்குப் போலக் கலண்டரின் ஓரத்தைப் பிடித்தார். ஏழின் கீழே பென்சிலால் பொடியாக எழுதியிருந்த மொனாக்கோவின் மேல் பெருவிரலை அழுத்தி வைத்தார்.

"ஓம், அந்த நாள்தான்" என்றார். றிம்சான் கலண்டரைத் திரும்பக் கொழுவும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.