பெருவிரலில் விழும் கோடு

காரின் பின்சக்கரத்தருகே குந்தி, பெருவிரலை டயரில் வைத்து அழுத்துகிறார் ஜெபசீலன். பத்து எண்ணும்வரை எடுக்க மாட்டார். எடுத்ததும் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். டயரில் வெட்டிய வரி ஆழமாக இருந்தால் விரலில் கோடு விழும். கோடு விழுந்தால் மழையில் வண்டி தரையைப் பிடிக்கும். பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் மோட்டார் டிரைவர் அவர். காலை ஜெபம்கூட இதற்குப் பிறகுதான்.

மோட்டார் வருவதற்கு முன் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கம்தான் மனிதரைக் கெடுத்தது. ஆஸ்பத்திரிக்கு வரி டயர் இரண்டுதான் கிடைத்தது. மற்ற இரண்டும் வழவழப்பானவை. கையில் இரண்டு லாடம் மட்டும் இருந்தால் குதிரைக்கு முன்னங்காலில்தானே அடிப்போம்? அப்படியே வரி டயர்களை முன்னால் மாட்டிவிட்டார். ஊரில் கேட்டவர்களும் சரிதான் என்றார்கள்.

போன ஐப்பசியில் ஏரலிலிருந்து இசக்கித்தாய் என்ற பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி வந்தார். நல்ல மழை. ஆழ்வார்திருநகரி தாண்டி, வாய்க்கால் கரைமேல் போகும் பாதையில், முன்சக்கரங்கள் பிடித்து நின்றன. பின்சக்கரங்கள் வழுக்கிச் சுழன்று வண்டியைத் தண்ணீரில் தள்ளின. இரண்டு உயிர் போயிற்று. இவருக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். வரி டயரைப் பின்னால் மாட்ட வேண்டும் என்று சென்னை மோட்டார் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது மூன்று மாதம் கழித்து. டாக்டரம்மா வாசித்துக் காட்டினார்.

"மோட்டார உந்துதது பின்கால்தானாம்மா? ஒருத்தரும் சொல்லலியே" என்றவர், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

இப்போது வரி டயர்கள் பின்னால்தான் இருக்கின்றன. ஆனால் தேய்ந்துவிட்டன. சண்டை நடப்பதால் சீமையிலிருந்து வேறு வரி டயர் வரவில்லை. கொட்டகையில் புது டயர் இரண்டு தொங்குகின்றன, வரியில்லாமல்.

"புதுசு சும்மா கிடக்கே, ஜெபசீலன்" என்று டாக்டரம்மா கேட்டுப் பார்த்தார்.

"அது வெயிலுக்கு ஆகும்மா. ஈரத்துல கால வாரிரும். மழைக்கு இந்தக் கெழட்டு வரிதான்."

வியாழக்கிழமை மழையோடு ஏரலிலிருந்து ஆள் வந்தது. வன்னியராஜ் என்பவரின் மனைவி சுடலைவடிவுக்கு இரண்டு நாளாக வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் இன்னொரு பிரசவத்தில் இருந்தார். ஜெபசீலன் விரலை வைத்துப் பார்த்தார். கோடு அரைகுறையாக விழுந்தது. கிளம்பிவிட்டார்.

அவளையும் வீட்டாரையும் ஏற்றித் திரும்பும்போது அந்த வாய்க்கால் கரை வந்ததும் வண்டியை நிறுத்தினார். மழைக்காலத்தில் இது அவருடைய வழக்கம். யாராக இருந்தாலும் அங்கே இறங்கித்தான் ஆக வேண்டும்.

"எல்லாரும் எறங்குங்க அண்ணாச்சி. அவுகள ஜமுக்காளத்துல தூக்கிக்கிட்டு பைய வாங்க. கரை முடியற வரைக்கும் வண்டிய நான் தனியா கொண்டு போறேன்."

"மழையில எறக்கச் சொல்லுதீரே. நீரு மனுசந்தானா வே?" என்றார் வன்னியராஜ்.

ஜெபசீலன் ஜமுக்காளத்தை விரித்துக் கொடுத்தார். வன்னியராஜும் அவர் தம்பியும் ஜமுக்காளத்தின் இரு முனைகளைப் பிடித்துத் தூக்க, சுடலைவடிவு முனகிக்கொண்டே போனாள். அவள் முகத்தில் மழை விழுவதைப் பார்க்க முடியாமல் இவர் வண்டியை எடுத்தார். பின்பக்கம் இரண்டு முறை ஆடியது. வாய்க்காலில் விழவில்லை. கரை முடிந்த இடத்தில் இறங்கி, சேற்றைத் துண்டால் துடைத்து, பெருவிரலை டயரில் வைத்துப் பத்து எண்ணினார்.

விரலில் ஒன்றுமே இல்லை. பாளையங்கோட்டைக்கு இன்னும் இருபது மைல், வழி முழுக்க மழை. மழை விடும்வரை காத்திருக்கச் சுடலைவடிவுக்கு நேரமும் கிடையாது.

ஜமுக்காளத்தோடு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே வன்னியராஜ் கேட்டார்.

"இனிமே பயமில்லல்லா அண்ணாச்சி? ஏறலாமா?"

ஜெபசீலன் அந்தப் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, இடதுகையால் கதவைத் திறந்துவிட்டார்.