மாலை போட்ட படம்

அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே, முதலில் அட்டைப்படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலர் அதைக் கண்டு திடுக்கிட்டிருப்பீர்கள். அண்ணை உயிரோடு இருந்தபோதே அதை மாலையோடு பார்த்தவர்கள் நீங்கள்.

அண்ணை யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பள்ளிக்கூட நாடகத்தில் அரசனாக வந்து, வசனத்தை மறந்து, மேடையில் நின்றபடியே அம்மாவைத் தேடியவர் அவர். நாட்டு நிலைமையால் இருபத்திரண்டு வயதில் பாரிஸ் வந்தார். அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரே அறையில் ஆறு பேரோடு இருந்துகொண்டு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அப்படி உழைத்துத்தான் தங்கையான என்னையும் கூப்பிட்டார்.

அந்த உணவகத்தில் ஒருநாள் படப்பிடிப்பு நடந்தது. கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு கமராவுக்கு முன்னால் நடக்க ஓர் ஆள் வேண்டுமாம். அண்ணையைப் பதினொரு தடவை நடக்க வைத்தார்கள்.

"ஒவ்வொரு நாளும் நடக்கிறன், ஒருத்தரும் பாக்கிறேல்லை. இண்டைக்கு நடந்ததுக்குக் கைகுலுக்குறாங்கள் பிள்ளை" என்று வந்து சொன்னார்.

அதன்பிறகு கூட்டத்தில் ஒருவராக, ஒற்றை வசனம் பேசும் காவலாளியாக, டாக்சிக்காரராக, பிற்காலத்தில் வைத்தியராகவும் பிரெஞ்சுப் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் வந்தார். உணவக வேலையை மட்டும் விடவில்லை. வசனம் பாடமாக்க, பொண்டியில் இருக்கும் என் வீட்டுக்கு வருவார். அவர் டாக்சிக்காரர் என்றால் நான் பொலிஸ். அகப்பையும் கையுமாக நின்று, எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் அவரை விசாரித்திருக்கிறேன். "கொஞ்சம் கடுமையாய்க் கேள் பிள்ளை, எனக்குப் பயம் வரேல்லை" என்பார். கறி அடிப்பிடிக்கும்.

பிறகு வந்தது அந்தத் தொடர். அதில் அண்ணை கொலையுண்ட தமிழ்க் கடைக்காரர். தமிழ் வீட்டில் இறந்தவர் படத்தை எப்படி வைப்பீர்கள் என்று அவரிடமே கேட்டிருக்கிறார்கள். பொட்டு, மாலை, விளக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்து, அண்ணி எடுத்த தன் படம் ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தார். படப்பிடிப்பு முடிந்ததும் சட்டம் போட்டு மாலையோடு அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

தொடர் ஒளிபரப்பான மறுநாள் காலை, கூசேன்வில்லில் இருக்கும் எங்கள் சித்தியின் மகன் அண்ணையின் வீட்டுக் கதவைத் தட்டினார். தம்பிக்குப் பிரெஞ்சு மட்டு. சனல் மாற்றும்போது மாலை போட்ட படத்தை மட்டும் கண்டு, செய்தி என்று நினைத்துவிட்டார். தொலைபேசியில் விசாரிக்க மனம் வரவில்லையாம். செத்த வீட்டில் அடுப்பு எரியாதே என்று, ஒரு பானையில் சோறும் இன்னொன்றில் பருப்புமாகச் சமைத்துக்கொண்டு வந்திருந்தார். கதவைத் திறந்தது அண்ணை.

"அண்ணை, நீங்கள்..." தம்பி பானைகளோடு வாசலிலேயே நின்றார்.

"நிண்டு பாக்காதை, சோறு ஆறப்போகுது, உள்ளை வா" என்றாராம் அண்ணை. இருவரும் இருந்து சாப்பிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உயிரோடை இருக்கிற மனுசன் தன்ரை படத்துக்கு மாலை போட விடுறதோ? அதைக் கிழிச்செறியுமட்டும் உங்கடை வாசல் மிதிக்கமாட்டன்" என்றேன். சொன்னபடியே இரண்டு மாதம் போகவில்லை. வசனம் பாடமாக்க அவரும் வரவில்லை. கடைசியில், "கிழிச்சிட்டன் பிள்ளை, வா" என்றார். நம்பினேன்.

போன மாதம் வேலைக்குப் போகும் வழியில் அண்ணை மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் இரண்டாம் நாள் கண் திறந்து, "எனக்கு நீதவான் வேசம் வந்திருக்கு. நீதான் கள்ளி, பாடமாக்கிப்போட்டு வா" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

இம்மலருக்குப் படம் தேடினோம். கைத்தொலைபேசி, பெட்டி, அலுமாரி, எங்கு பார்த்தாலும் அவர் வேறு யாரோ. பொலிஸ் தொப்பி, வைத்தியர் அங்கி, ஒட்டு மீசை. கலியாணப் படத்திலும் தலைப்பாகையோடு ஒரு மாப்பிள்ளைதான் நின்றார். எங்கள் அண்ணையைக் காணவில்லை. அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டிய நாளும் வந்துவிட்டது. அப்போதுதான் அண்ணி அலுமாரிக்குப் பின்னால் கைவிட்டு ஒரு படச்சட்டத்தை எடுத்தார். அண்ணை கிழிக்கவே இல்லை. சவரம் செய்யாத முகம், வீட்டுச் சட்டை, என்னைப் பகிடி பண்ண வாயெடுத்தது போல ஒரு சிரிப்பு. படப்பிடிப்புக்குப் போட்ட துணிப்பூ மாலையும் அதில் அப்படியே தொங்கியது. அதைக் கழற்றிவிட்டு, நல்ல மாலை வாங்கி நானே போட்டேன்.

மருத்துவமனையில் கூட நின்றவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், பாஷை தெரியாமலே எங்களோடு நின்று அழுத அண்ணையின் பிரெஞ்சு நடிக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கூசேன்வில் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. அண்ணை போன மறுநாள் காலை அதே பானைகளோடு அண்ணை வீட்டுக்கு வந்தவர், கதவைத் தட்டாமல் வெளியே நெடுநேரம் நின்றிருக்கிறார். தற்செயலாகக் கதவைத் திறந்த நான், ஏன் தட்டவில்லை என்று கேட்டேன்.

"அண்ணை வந்து திறப்பார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான், அக்கா" என்றார்.